இந்தியாவுக்கு ஒரே புள்ளி

ஆச்சு, நின்றாயிற்று. இனி டிரில் மாஸ்டர் ஆசீர்வாதம் சார் விசிலை ஊதி "கலை" என்று சொல்கிற வரைக்கும் அஞ்சுகம் அசையக் கூடாது. மூக்கு நமைத்தாலும் சரி, முந்தானை சரிந்தாலும் சரி, ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்து குடித்தனமே நடத்தினாலும் சரி, அப்படியே நிற்க வேண்டும், ஏனென்றால் இப்போது அவள் புள்ளி. ஆயுதப்படை மைதானத்தில் மாவட்டத்து மகளிர் குழுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து 'இந்தியா' என்று நிற்கிறார்கள். துணியில் எழுதித் தொங்கவிட்டால் போதாதாம், எண்பதாவது சுதந்திர தினமாம், பெண்களே எழுத்தாக நிற்க வேண்டுமென்று மேலே இருந்து உத்தரவாம். இ-யில் ஒரு கூட்டம், ந-வில் ஒரு கூட்டம், தி-யில் ஒரு கூட்டம், யா-வில் எல்லாவற்றையும்விடப் பெரிய கூட்டம். அந்த ந-வுக்குத் தலைமேல் ஒரு புள்ளி வேண்டுமே, அது அஞ்சுகம். மற்ற எழுத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டி நிறுத்தியிருக்கிறார்கள், புள்ளிக்கு ஒரே ஆள். மொத்த வார்த்தையிலும் வேறே புள்ளி கிடையாது, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இதை முதல் நாள் ஆசீர்வாதம் சார் சொன்னதிலிருந்து அவளுக்குச் சாப்பாட்டில் நினைப்பில்லை. அவள் காலையில் இரண்டே இட்லிதான் சாப்பிட்டாள்.

மேடையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் இது எழுத்து. எழுத்துக்குக் கால் மேடைப் பக்கம், தலை இந்தப் பக்கம். ஆகவே புள்ளிக்கு வாய்த்த இடம் எல்லோருக்கும் பின்னால், தன்னந்தனியாக, ந-வுக்கும் சுற்றுச்சுவரை ஒட்டின தூங்குமூஞ்சி மரத்துக்கும் நடுவில். அவளுக்குத் தெரிவதெல்லாம் முதுகு. முதுகு, கொண்டை, கொண்டையில் கனகாம்பரம், ஜாக்கெட்டில் வேர்வை வட்டம். அந்த முதுகுகளில் கொஞ்சம் தடித்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பது சுலோச்சனா அண்ணி. அஞ்சுகத்தின் புருசன் கலியமூர்த்திக்குக் கூடப்பிறந்த அக்காள், குழுவுக்குத் தலைவி. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் இந்த அண்ணிதான் ஒத்திகையைப் பார்த்துக்கொள்கிற இலக்கியா மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டாள். தனியாக என்றால் என்ன தனி, அண்ணிக்குத் தணிந்த குரலே கிடையாது, அஞ்சுகம் குழாயடியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். "மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் அதப் பொட்டு, பொட்டுன்னுதான் சொல்றாங்க. நாட்டுக்குப் பொட்டு வெக்கிற எடத்துல பொட்டு அழிச்சவள நிக்க வெக்கலாமா? அவ என் தம்பி பொண்டாட்டிதான், அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நல்ல நாளு பாருங்க, அதான்." மேடத்துக்குச் சின்ன வயது, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அது பொட்டு இல்லைங்கம்மா, புள்ளி" என்றாள். "என்னவோ ஒண்ணு" என்றாள் அண்ணி. இன்றைக்கு இறுதி ஒத்திகை, மேலேயிருந்து ட்ரோன் படம் எடுக்கும், படத்தைப் பார்த்துவிட்டுப் புள்ளிக்கு யார் என்று முடிவு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு மேடம் நகர்ந்துவிட்டாள். ஆக, அஞ்சுகம் நிற்பது இன்றைக்கு மட்டும்தானா, பதினைந்தாம் தேதியும் அவள்தானா என்பது இந்த ஒத்திகை முடிந்தால் தெரிந்துவிடும். அவளுக்கு நிற்க வேண்டும் என்று இருக்கிறது. இப்படி எதையும் வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டு நாளாயிற்று, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆசைப்பட்டதுதான் பட்டாய், ஒரு கிரைண்டருக்கு ஆசைப்படக் கூடாதா, போயும் போயும் ஒரு புள்ளிக்கா என்பார்கள்.

அண்ணி சொன்னதும் ஒன்றும் புதிதில்லை. புடவை கொடுத்த அன்றைக்கே இந்தப் பேச்சு வேறு உருவத்தில் வந்துபோயிற்று. கொடி நிறத்திலேயே எழுத்து இருக்க வேண்டும் என்று இ-க்கும் ந-வுக்கும் காவி, தி-க்கு வெள்ளை, யா-வுக்குப் பச்சை என்று மூட்டை மூட்டையாகப் புடவை வந்து இறங்கினது. தி-காரிகள் மூட்டையைப் பிரித்தார்கள், பார்த்தார்கள், அப்படியே தரையில் வைத்துவிட்டார்கள். "இத எப்புடிங்க கட்டுறது, நாங்க என்ன தாலியறுத்தவளுங்களா" என்று ஒருத்தி கேட்க, மேடம் கொடியைக் காட்டினாள், நடுவில் வெள்ளைதானே அம்மா இருக்கு, வெள்ளை என்றால் அமைதி அம்மா என்றாள். அமைதி கொடியிலேயே இருக்கட்டும், எங்க உடம்பில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு பகல் பூராவும் இந்தியாவுக்கு நடுவில் எழுத்தே இல்லாமல் கிடந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் யோசனை சொல்லி, சிவப்புக் கரை போட்ட சந்தனக் கலரில் வேறே புடவை வந்தது, தி நின்றது. அந்த ரகளை நடந்தபோது அஞ்சுகம் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கொடுங்க, நான் கட்டிக்கிறேன் என்று நுனிநாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஓ, இவள் அப்படியா என்பார்கள், எதற்கு வம்பு. அவளுக்குக் கிடைத்தது காவி. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்த்தாள், கண்ணாடியில் பாதிதான் தெரிந்தது, தெரிந்த பாதியே கண்ணைக் குத்தியது. அவர் போனதிலிருந்து சாம்பல், பழுப்பு, வெளுத்த நீலம் என்றே உடம்பு பழகிவிட்டது, யாரும் கட்டாதே என்று சொல்லவில்லை, கட்டு என்றும் சொல்லவில்லை. இப்போது கவர்மெண்டே கொடுத்துக் கட்டு என்றால் யார் என்ன சொல்ல முடியும். இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள், காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது, அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

வெயில் ஏறுகிறது. அமைச்சர் இன்னும் வரவில்லை. அமைச்சர் என்றால் அமைச்சர் இல்லை, ஜீப் ஓட்டுகிற குமரேசன். ஒத்திகைக்கு யாராவது அமைச்சராக இருக்க வேண்டுமல்லவா, அவனுக்குத்தான் வெள்ளை வேட்டி இருந்தது. நேற்று அவன் வந்த தோரணையில் நிஜ அமைச்சரே தோற்றுப்போவார், கையைக் கூப்பினதும் என்ன, மெல்லத் தலையாட்டினதும் என்ன, போலீஸ்காரர்கள் உள்ளபடியே சல்யூட் அடித்தார்கள். இன்றைக்கு அந்த மிதப்பில்தான் தாமதமோ என்னவோ. நிற்பது அஞ்சுகத்துக்குப் பெரிய காரியம் இல்லை. அரிசி ஆலைக் களத்தில் வேலை, அவித்த நெல்லைக் காலால் அளைந்து அளைந்து காயவைக்கிறவள், சிமெண்டுச் சூடு அவளுக்குத் தோழி மாதிரி. ஆனால் களத்தில் கால் நடந்துகொண்டே இருக்கும், ஒரு வரி நெல்லைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கலாம், நினைப்பும் காலோடு போய்விடும். இங்கே கால் நின்றுவிட்டது, நினைப்பு மட்டும் மாடு தறியைச் சுற்றுகிற மாதிரி சுற்றுகிறது. நிறுத்திவிட்டார்கள், நிற்கிறோம், நின்றால் வார்த்தை, நகர்ந்தால் வார்த்தை இல்லை. முதல் நாள் ஆசீர்வாதம் சார் அதைத்தான் செய்து காட்டினார், புள்ளியம்மா கொஞ்சம் மரத்தடிக்குப் போங்க என்றார், போனாள், மேடையில் இருந்த ஆபீசர்களைப் பார்த்து இப்ப வாசிங்க என்றார், "இநதியா" என்று வாசித்து எல்லாரும் சிரித்தார்கள். புள்ளியம்மா வாங்க என்றார், வந்து நின்றாள், "இந்தியா". சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நடந்து வந்தது பத்தடி இருக்குமா, அந்தப் பத்தடியில் அத்தனை பெரிய நாடு பேர் தப்பி, மறுபடியும் பேர் வந்து சேர்ந்தது. அன்றைக்கு ராத்திரி சாதம் பிசைந்துகொண்டிருந்தவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இமயமலை இருக்கிறது, டெல்லி இருக்கிறது, கலியமூர்த்தி ஒருதரம் செங்கல் அறுக்கப் போய்விட்டு வந்து சொன்ன ஆந்திரா இருக்கிறது, பார்க்காத கடல் மூன்று பக்கமும் இருக்கிறது, அத்தனைக்கும் மேலே ஆலைக் களத்து அஞ்சுகம் ஒரு புள்ளியாக நிற்கிறாளாம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல வேண்டியவர் படத்தில் இருந்தார்.

முந்தின ஒத்திகையில் மேலேயிருந்து எடுத்த படத்தை மேடம் போனில் ஒருதரம் காட்டினாள். கூட்டமாக எட்டிப் பார்த்தார்கள், அவரவர் எழுத்தில் அவரவர் தலையைத் தேடினார்கள், ஒருத்திக்கும் தன் தலை கிடைக்கவில்லை. அஞ்சுகத்துக்கு மட்டும் கிடைத்தது. தனியாக இருந்ததே. கடுகு மாதிரி ஒன்று, ஆரஞ்சாக. இதுதானா நான் என்று கேட்டாள், நீங்கதாம்மா என்றாள் மேடம். அவ்வளவு சின்னது. அவ்வளவு சின்னதாகத் தன்னைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, எது எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் புள்ளியைப் பற்றி நினைக்க ஆரம்பித்தால் ஒன்று வந்து காலில் முள்ளாக மாட்டிக்கொள்கிறது, எத்தனை தரம் ஒதுக்கினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. நாலாவதில் மேரி டீச்சர் சொல்லிக் கொடுத்தது. க என்றால் அதற்குள் உயிர் இருக்கிறது, உயிர்மெய். அதன் தலையில் புள்ளி வைத்தாயானால் உயிர் போயிற்று, வெறும் மெய். க், உயிர் இல்லை. ச், உயிர் இல்லை. ந், உயிர் இல்லை. பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் டக்கு டக்கென்று புள்ளி குத்திக்கொண்டே போவாள் டீச்சர், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு எழுத்துக்கு உயிர் போகும், பிள்ளைகள் போச்சு, போச்சு என்று கத்தும். அப்போது அது விளையாட்டு. இப்போது காவிப் புடவைக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு நிற்கிறபோது அது விளையாட்டாக இல்லை. பொட்டு என்று நினைத்து அண்ணி பயப்படுகிறாள், அண்ணிக்கு அவ்வளவுதான் தெரியும், சேர்ந்த ஆறாம் மாதமே பள்ளிக்கூடத்தை விட்டவள். அஞ்சுகத்துக்கல்லவா தெரியும் இது எந்தக் குறி என்று. தலைமேல் வந்து நின்றால் உயிர் போகிற குறி. அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த இடத்தில் சாய்ந்தாரே, கிளாஸில் பாதி டீ அப்படியே இருந்ததே, அன்றைக்கு அவர் தலைமேல் யார் நின்றார்கள். காலையில் அவர் கிளம்பும்போது எதிரே தண்ணிக் குடத்தோடு வந்தது யார், அவள்தானே, நிறைகுடம்தானே, சுமங்கலிதானே அன்றைக்கு. பிறகு ஏன். இதற்கு மேல் அந்த நினைப்பு போகாது, அங்கேயே நின்று கொக்கியில் துணி மாட்டின மாதிரி இழுபடும். அவள் நாக்கை வைத்துச் சொல்லிப் பார்த்தாள், உதட்டை அசைக்காமல். இந். நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் முட்டி நிற்கிறது. மூச்சு மூக்குக்குப் போகிறது. ஒரு கணம், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம் தியா. நிற்காமல் போக முடியுமா என்று பார்த்தாள், முடியவில்லை, எத்தனை வேகமாகச் சொன்னாலும் நாக்கு அந்த உயிரில்லாத எழுத்திடம் போய் நின்றுவிட்டுத்தான் தியாவுக்குப் போகிறது. பேரைச் சொல்கிற ஒவ்வொருத்தனும் இங்கே நிற்கிறான். அமைச்சரும் நிற்பார், கலெக்டரும் நிற்பார், பள்ளிக்கூடத்துக் குழந்தையும் நிற்கும். உயிர் போன எழுத்து இல்லாமல் அந்தப் பேரே வராதாம். அவளுக்குப் புறங்கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது, வெயிலில்.

இருந்தாலும் அண்ணி சொன்னதில் ஞாயம் இல்லையா என்று இன்னொரு பக்கம் கேட்கிறது. சுலோச்சனா அண்ணி கெட்டவள் இல்லை. அவர் போனபிறகு வருசம் ஒன்று அவள் வீட்டுச் சோறுதான். பேச்சு முரடு, கை தாராளம். தன் மகள் கல்யாணத்துக்கு அஞ்சுகத்தைப் பத்து நாள் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டாள், அரிசி புடைத்தது அஞ்சுகம், முறுக்கு சுற்றியது அஞ்சுகம், தாலி கட்டுகிற நேரத்தில் மட்டும், "செத்த நேரம் ஸ்டோர் ரூம பாத்துக்கம்மா, வாழைப்பழத் தாரை யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றாள். பார்த்துக்கொண்டாள். யாரும் பழத்தைத் தூக்க வரவில்லை. கெட்டிமேளம் கேட்டபோது அவளும் உள்ளே இருந்தபடி நாலு அரிசியை எடுத்து வாழைத்தார் மேலே போட்டாள். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே படித்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பையன் பரீட்சைக்குக் கிளம்புகிறான் என்றால் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், வாசலுக்கு வராமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள், கையில் குப்பைக்கூடை இருந்தாலும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள், அவன் தெருமுனை தாண்டினதும் வெளியே வருவாள். அந்தப் பையன் எல்லாப் பரீட்சையும் பாஸ். அவன் பாஸ் பண்ணினதில் தனக்கும் பங்கு உண்டென்று அவளுக்குள்ளே ஒரு கணக்கு, சிரிப்புதான். ஒரு பையனுக்கே கதவுக்குப் பின்னால் போகிறவள், ஒரு நாட்டுக்கு மட்டும் வெட்டவெளியில் வந்து நிற்கலாமா. பதினைந்தாம் தேதி மழை வந்துவிட்டால், மேடை சரிந்துவிட்டால், அமைச்சருக்கே ஒன்று ஆகிவிட்டால். ஆகாது. ஆனால் ஆகிவிட்டால் எல்லார் வாயிலும் முதலில் வருகிற பேர் எது என்று அவளுக்குத் தெரியும். தானே போய் மேடத்திடம் வேண்டாமென்று சொல்லிவிடலாமா. சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு இ-யில் வாலோரமாக எங்கேயாவது சொருகிக்கொள்ளலாம். அப்படி நினைத்ததும் அழுகை வந்தது, ஏனென்று அவளுக்கே கோபமாக வந்தது, ஒரு புள்ளிக்குப் போய் யாராவது அழுவார்களா.

பேண்டு வாத்தியம் முழங்கியது. குமரேசன் வந்துவிட்டான். முதுகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன, அதைப் பின்னாலிருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான், ஆயிரம் முதுகு ஒரே மூச்சில் நிமிர்ந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது. வீட்டில் நிமிராத முதுகுகள். அம்மியிலும் களத்திலும் தையல் மெஷினிலும் வளைந்தே கிடக்கிற முதுகுகள். ஆசீர்வாதம் சாரின் குரல் மைக்கில் "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் இப்போது கொடி ஏற்றுவார்கள்" என்றது. முதுகுகளுக்கு மேலே கம்பம் மட்டும் தெரிந்தது அவளுக்கு, கம்பத்தில் சுருட்டிக் கட்டின கொடி விறுவிறுவென்று மேலே போனது, உச்சியில் போய் நின்றது. இனி ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு அவிழ வேண்டும், உள்ளே வைத்துக் கட்டின பூ உதிர வேண்டும். சுண்டினான். அவிழவில்லை. மறுபடி சுண்டினான். கம்பம்தான் ஆடியது. பொட்டலம் பொட்டலமாகவே இருந்தது. பேண்டு வாசிக்கத் தயாராகக் குழலை வாயில் வைத்தவர்கள் வைத்தபடியே நின்றார்கள். அஞ்சுகத்துக்குப் புரிந்துவிட்டது. நான்தான். நான்தான், நான் நிற்பதால்தான், நகர்ந்துவிடு, மரத்தடிக்குப் போய்விடு, நீ போனால் அவிழும். போக முடியவில்லை, அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அசைந்தால் வார்த்தை போய்விடும், அசையாவிட்டால் கொடி அவிழாது, எதைச் செய்வாள் ஒரு மனுஷி. அப்போது ந-வில் ஒரு தலை திரும்பியது. ஒரே ஒரு தலை. சுலோச்சனா அண்ணி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, நான் சொன்னேனில்லையா என்பதுகூட இல்லை, பயம்தான் இருந்தது, அதைப் பார்க்கத்தான் அஞ்சுகத்துக்குத் தாங்கவில்லை. பிறகு மைக்கில் ஆசீர்வாதம் சார், "யோவ் குமரேசா, அந்தக் கயிறு இல்லைய்யா, இந்தக் கயிறு" என்று சொன்னது மைதானம் பூராவும் கேட்டது.

அவிழ்ந்தது. எத்தனை சாதாரணமாக அவிழ்ந்தது. சாமந்தியும் ரோஜாவும் கொஞ்சம் உதிர்ந்து காற்றில் இந்தப் பக்கமாகக்கூட இரண்டு வந்தன, கொடி ஒருதரம் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு, பிறகு விரிந்தது. பேண்டு தொடங்கினது, பெண்கள் பாடினார்கள். அஞ்சுகமும் பாடினாள், பாட்டில் பாதி வார்த்தைக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது, தெரியாததனாலேயே அது கோயில் மந்திரம் மாதிரி உடம்புக்குள் போனது. தலைக்கு மேலே ட்ரோன் ரீங்காரமிட்டுக்கொண்டு வந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டே போய், அவள் உச்சந்தலைக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றது. அவள் மேலே பார்க்கவில்லை. மேலேயிருந்து தன்னை ஒருவன் பார்க்கிறான், தான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறோமா என்று பார்க்கிறான், இருக்கிறோம். அந்த நிமிஷம் அவளுக்குப் பயம் இல்லை. ஆயிரம் தொண்டை பாடுகிறது, தரை அதிர்வது குதிகாலில் தெரிகிறது, இத்தனை பேர் சேர்ந்து ஒரு வார்த்தை, அது சரியாக இருக்கிறது, அவளும் அதில் இருக்கிறாள். இதைவிடப் பெரிதாக எதற்குள்ளும் அவள் நின்றதில்லை. கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது, அது வேர்வைதான் என்று வைத்துக்கொண்டாள்.

சார் விசில் ஊதினார், ஆனால் "கலை" என்று சொல்லவில்லை. "எழுத்து அப்படியே இருங்க, மேடம் வர்றாங்க" என்றார். இலக்கியா மேடம் கையில் மைக்கும் போனுமாக ந-வைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்து வந்தாள். முதுகெல்லாம் முகமாகத் திரும்பின. முடிவு வருகிறது என்று அஞ்சுகத்துக்குத் தெரிந்தது. மேடம் வந்து பக்கத்தில் நின்று படத்தைக் காட்டினாள். "எழுத்தெல்லாம் பிரமாதம். புள்ளிதான் தெரியல பாருங்க. ஒரு ஆள் பத்தாது. எட்டுப் பேர் சுத்தி நின்னாத்தான் புள்ளி புள்ளியா இருக்கும்." அஞ்சுகத்தைப் பார்த்து, "நீங்க நடுவுல" என்றாள். சொல்லும்போது சுலோச்சனா அண்ணி நின்ற பக்கம் அவள் பார்க்கவில்லை. மைக்கில் கேட்டாள், "ஒவ்வொரு எழுத்திலேர்ந்தும் ரெண்டு பேர் இங்க வாங்கம்மா." யாரும் வரவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் புடவையைச் சரிசெய்தார்கள், பக்கத்திலிருப்பவளைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். காலையில் குழாயடியில் பேசினது எழுத்து எழுத்தாகப் பரவியிருந்தது. "அந்த எடத்துக்கா" என்று ஒரு குரல், "எங்க வீட்டுக்காரரு இருக்காருங்க" என்று இன்னொரு குரல், சிரிப்புமில்லாமல் வருத்தமுமில்லாமல், பஸ்ஸில் இடம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. மேடத்தின் காது மடல் சிவந்துபோயிற்று. "அண்ணி, நீங்க வந்து நில்லுங்க" என்று அஞ்சுகம் சொன்னாள், சத்தமாகவே சொன்னாள், "நீங்க ஒம்பது பேரா நில்லுங்க. நான் இ-க்குப் போயிடறேன். கொடிக்கு ஒண்ணு ஆகக் கூடாது." சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். இவ்வளவுதான், முடிந்தது, இதிலே என்ன இருக்கிறது, காலை எடுத்து வைத்தால் ஆயிற்று.

"ஏம்மா, நில்லு" என்றது ஒரு குரல். தி-யிலிருந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். சந்தனப் புடவை, சிவப்புக் கரை, நெற்றியில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு, அன்றைக்கு வெள்ளைப் புடவையைத் தரையில் போட்டு எல்லாரையும்விட அதிகமாகச் சண்டை பிடித்தவள். நடந்துகொண்டே அந்தப் பொட்டைப் பிய்த்து எடுத்தாள், எங்கே போடுவதென்று தெரியாமல் கைக்கடிகாரத்தில் ஒட்டிக்கொண்டாள். அஞ்சுகத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரரு தவறி ஏழு வருசமாச்சு" என்றாள், "வெளியூருல யாரும் கேக்க மாட்டாங்க, அதான் வெச்சுக்கறது." இ-யிலிருந்து ஒரு கிழவி வந்தாள், அவள் புருசன் இல்லாதவள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். அப்புறம் யா-வின் காலிலிருந்து பச்சைப் புடவையில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, அவளோடு ஒரே பஸ்ஸில் தினமும் வந்தவர்களே "அடியே, நீயா" என்றார்கள். ந-விலிருந்து மூன்று பேர். தி-யின் சுழியிலிருந்து அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர், கையைப் பிடித்துக்கொண்டு. எட்டு ஆகிவிட்டது. நிற்கவில்லை. இ-யிலிருந்து, யா-விலிருந்து, இத்தனை நாள் கனகாம்பரத்தோடும் கண்ணாடி வளையலோடும் முதுகு காட்டிக்கொண்டு நின்ற இடத்திலெல்லாம் இருந்து வந்துகொண்டே இருந்தார்கள். அஞ்சுகம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். இத்தனை பேரா. இத்தனை பேரும் எங்கே இருந்தார்கள், எந்தக் கதவுக்குப் பின்னால். "போதும்மா, போதும், எட்டுப் பேருதான் கேட்டோம்" என்றார் மைக்கில் ஆசீர்வாதம் சார், "எழுத்துல ஓட்டை விழுது, அங்கங்க நில்லுங்க." ஒருத்தியும் கேட்டதாகத் தெரியவில்லை. ந-வில் சுலோச்சனா அண்ணி நின்ற இடத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை, முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். பின்னால் வந்தவள் இடம் இல்லாமல் தயங்கினாள். "வாங்க, இங்க நில்லுங்க" என்று அஞ்சுகம் ஓரடி தள்ளி நின்றாள். அப்படியும் பத்தவில்லை. இன்னும் ஓரடி தள்ளி நின்றாள்.